துவைக்கும் கல்லைக் கேட்டு விரிப்பு வாங்குங்கள்!

காலை ஆறரை மணி. ஊரெல்லாம் எழுந்து பல் துலக்கும் நேரம். ஆனால் மறைமலை நகரில் பலர் அப்பொழுதுதான் தூங்கப் போகிறார்கள்!

அது சோம்பல் அல்ல. இரவு முழுவதும் எந்திரத்தின் முன் நின்று உழைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது மறைமலை நகர். தமிழறிஞர் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை. இன்னொரு பக்கம் ரெயில் பாதை. பக்கத்திலுள்ள சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பினால், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள்தான். கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று எல்லாம் இங்கே தயாராகின்றன.

எந்திரத்துக்குப் பகல், இரவு கிடையாது. மனிதனுக்கு உண்டு. இரவில் விழித்தவன் பகலில் தூங்கித்தான் ஆக வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் தொழிலாளர்களுக்காக ஒரு பெரிய விடுதியைக் கட்டியது. 2024 ஆகஸ்டு மாதம் அது திறக்கப்பட்டது. அதில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். 18,720 பேர் என்றால் 18,720 படுக்கை. அத்தனை படுக்கைக்கும் விரிப்பு வேண்டும்!

விடுதியில் இப்படி. வீட்டில் எப்படி?

கட்டில் வாங்குவது என்றால், குடும்பத்தோடு பத்துக் கடை ஏறி இறங்குவார்கள். மெத்தை என்றால், உட்கார்ந்து பார்ப்பார்கள், படுத்தும் பார்ப்பார்கள். விரிப்பு வாங்குவதற்கு மட்டும் ஐந்து நிமிடம்! பூப்போட்ட விரிப்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும். "இதையே கட்டுங்க!"

ஆனால் உடம்பில் படுவது கட்டில் அல்ல. மெத்தையும் அல்ல. விரிப்புதான்.

எது ஆடம்பரம்?

"நல்ல விரிப்பு என்றால் ஆடம்பரம். அது பணக்காரர்களுக்கு!" என்று பலர் நினைக்கிறார்கள்.

பெரிய ஓட்டல்களில் படுத்தவர்களுக்குத் தெரியும். அங்கே பட்டும் இல்லை, ஜரிகையும் இல்லை. பெரும்பாலும் சாதாரண வெள்ளை விரிப்புதான் இருக்கும். படுத்தால் சுகமாக இருக்கிறது. காரணம் என்ன?

விரிப்பு சுத்தமாக இருக்கிறது. சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகப்பட்டிருக்கிறது. துணி வியர்வையை உறிஞ்சுகிறது. இந்த மூன்றுதான் அந்தச் சுகம்.

ஆனால் ஓட்டல் விரிப்புக்குப் பின்னால் ஒரு சலவைக்கூடம் இருக்கிறது. வெந்நீர் இருக்கிறது. பெரிய இஸ்திரி எந்திரம் இருக்கிறது. வேலை செய்ய ஆள் இருக்கிறார்கள்.

வீட்டில் யார் இருக்கிறார்? அம்மா இருக்கிறார்! அவருக்கும் வாரத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஞாயிறு முழுவதையும் ஒரு விரிப்பு விழுங்கிவிட்டால், அது எப்படி ஆடம்பரம் ஆகும்?

ஆகவே, விரிப்பு வாங்கும்போது கடை அலமாரியை மட்டும் பார்த்தால் போதாது. துவைக்கும் கல்லையும் நினைக்க வேண்டும். தண்ணீரையும், காயப்போடும் கொடியையும் நினைக்க வேண்டும். சுகமாகவும் இருக்க வேண்டும், வேலையும் வைக்கக் கூடாது. அப்படிப்பட்ட விரிப்பு உண்டா? உண்டு!

நம்பர் நூலின் ரகசியம்

விரிப்பின் குணம் நூலில் தொடங்குகிறது.

நெசவாளர்கள் "20-ம் நம்பர் நூல்", "40-ம் நம்பர் நூல்" என்று சொல்வார்கள். நம்பர் ஏற ஏற, நூல் மெல்லியதாகும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை வரும் என்பதுதான் அந்தக் கணக்கு. 40-ம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம். அதாவது 33,600 கெஜம்!

20-ம் நம்பர் நூலில் நெய்தால் விரிப்பு தடிப்பாக இருக்கும். முரட்டு உழைப்பைத் தாங்கும். ஆனால் கனம் அதிகம், காயவும் நேரம் பிடிக்கும். 40, 60 நம்பர் நூலில் நெய்தால் விரிப்பு மெல்லியதாக, வழவழப்பாக இருக்கும்.

இனி, உறையின் மேல் "டி.சி." என்று அச்சிட்டிருப்பார்களே, அது என்ன?

ஒரு சதுர அங்குலத் துணியில், நீளவாட்டில் ஓடும் பாவு நூலையும், குறுக்கே ஓடும் ஊடை நூலையும் எண்ணிக் கூட்ட வேண்டும். பாவு 110, ஊடை 90 என்றால் 200 டி.சி. அவ்வளவுதான்.

"அப்படியானால் 1,000 டி.சி. வாங்கினால் இன்னும் சுகமாக இருக்குமே?"

இங்கேதான் ஏமாற வேண்டாம்! ஒரு சதுர அங்குலத்துக்குள் எவ்வளவு நூலைத்தான் திணிக்க முடியும்? ஆகவே சிலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். இரண்டு, மூன்று இழைகளை முறுக்கி ஒரே நூலாக நெய்கிறார்கள். எண்ணும்போது ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். 300 உள்ள துணி, உறையில் 600 ஆகிவிடுகிறது, 900 ஆகிவிடுகிறது! துணியோ கனத்துப் போகிறது. காற்றும் புகாது, சீக்கிரம் காயவும் காயாது.

நம் ஊர் வெயிலுக்கு 200 முதல் 300 டி.சி. வரை போதும். 400-க்கு மேல் கேட்கவே வேண்டாம்.

இரண்டு நெசவு, இரண்டு குணம்

விரிப்புத் துணியில் முக்கியமாக இரண்டு நெசவுகள் உண்டு.

முதலாவது சாதா நெசவு. ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று மாறி மாறிப் போகும். இந்த நெசவில் நெருக்கமாக நெய்த மெல்லிய துணியைக் கடைக்காரர்கள் "பெர்க்கேல்" என்று சொல்வார்கள். தொட்டால் மொடமொடப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். காற்று புகும். சீக்கிரம் காயும். ஒரே ஒரு குறை: கொஞ்சம் சுருங்கும்.

இரண்டாவது "சாட்டின்" நெசவு. பெரும்பாலும் நான்கு நூலுக்கு மேலே போய், ஒரு நூலுக்குக் கீழே வரும். நூல் நீளமாக மேலே மிதப்பதால் துணி பளபளக்கும், வழுக்கும். சுருக்கமும் குறைவு. ஆனால் மேலே மிதக்கும் நூல் எதிலும் மாட்டிக்கொள்ளும். கொலுசில் மாட்டும், மெட்டியில் மாட்டும், வெட்டாத கால் நகத்திலும் மாட்டும்! ஓர் இழை இழுபட்டால் அந்த இடம் அப்படியே தெரியும். வெயில் காலத்தில் கொஞ்சம் வெப்பமாகவும் இருக்கும்.

குழந்தைகள் குதிக்கும் வீட்டுக்கும், பகலில் தூங்குபவர் உள்ள வீட்டுக்கும் சாதா நெசவுதான் சரி. சாட்டின் விரிப்பு ஒன்று இருக்கட்டும். விருந்தாளி வரும்போது விரிக்கலாம்.

பருத்தியா, கலப்பா?

பாலியெஸ்டர் என்னும் செயற்கை இழை 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கசங்காது, சுருங்காது, சட்டென்று காயும், விலையும் குறைவு. துவைப்பவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் படுப்பவர் கதை வேறு!

100 கிராம் பருத்தி, வெறும் காற்றிலிருந்தே 8 கிராம் அளவுக்கு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 100 கிராம் பாலியெஸ்டர் அரை கிராம்கூட உறிஞ்சாது. அக்கினி நட்சத்திர நாளில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, பாலியெஸ்டர் விரிப்பின் மேல் படுத்துத் தூங்க முயன்றவருக்கு இது புரியும். வியர்வை போக இடமில்லாமல் முதுகில் ஒட்டும். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் புரண்டு புரண்டு படுப்பார். மறுபடி வேலைக்குப் போகும்போது கண் எரியும். எந்திரத்தின் முன் நிற்பவனுக்குத் தூக்கக் கலக்கம் என்பது விளையாட்டு அல்ல.

எண்ணெய்க் கறையும் செயற்கை இழையில் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வீட்டில் பாலியெஸ்டர் தலையணை உறை வாங்கினால், சிக்குவாடை போகவே போகாது.

"முழுப் பருத்தி சுருங்குகிறதே, இஸ்திரி போட நேரமில்லையே?" என்று கேட்பவர்களுக்குக் கலப்புத் துணி இருக்கிறது. பருத்தி பெரும்பங்கும், பாலியெஸ்டர் சிறுபங்கும் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். பாதிக்கு மேல் பாலியெஸ்டர் என்றால் வேண்டாம். தலையணை உறை மட்டும் எப்போதும் முழுப் பருத்தியாகவே இருக்கட்டும்.

"சுருக்கமே விழாது" என்று சொல்லி விற்கும் பருத்தி விரிப்பும் உண்டு. துணியில் ஒருவகை ரசாயனப் பிசினை ஏற்றி அப்படிச் செய்கிறார்கள். இதனால் துணியின் வலு ஓரளவு குறையும். அத்தகைய விரிப்பை வாங்கினால், ஒருமுறை நன்றாக அலசிவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.

பெயரைக் கண்டு மயங்காதீர்!

நீளமான பஞ்சு இழையில் நூற்ற நூல் வலுவாக இருக்கும், மெதுவாகவும் இருக்கும், பொங்கிப் பிசிறாது. அதனால்தான் எகிப்துப் பருத்திக்கு உலகமெங்கும் மதிப்பு.

மதிப்பு இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்கும் அல்லவா? 2016-ல் அமெரிக்காவில் "டார்கெட்" என்ற பெரிய வியாபார நிறுவனம் ஓர் அதிர்ச்சியான செய்தியை வெளியிட்டது. எகிப்துப் பருத்தி என்று விற்ற விரிப்பிலும் தலையணை உறையிலும் வேறு பருத்தி இருந்தது என்பதே அந்தச் செய்தி. ஒன்றல்ல, இரண்டல்ல. ஏழரை லட்சம்! சரக்கு அனுப்பிய ஆலையுடன் இருந்த தொடர்பை அந்த நிறுவனம் முறித்துக்கொண்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அமெரிக்காவிலேயே இப்படி என்றால், தெருவோரத்தில் அட்டைப் பெட்டியில் "எகிப்து" என்று எழுதியிருப்பதை நம்பலாமா?

நம் நாட்டிலேயே நீள இழைப் பருத்தி உண்டு. கோவையில் "சுஜாதா" என்ற ரகத்தையும் "செயின்ட் வின்சென்ட்" என்ற ரகத்தையும் கலந்து "சுவின்" என்ற பருத்தியை உருவாக்கினார்கள். 1974-ல் அது வெளிவந்தது. உலகின் மிக நீளமான பருத்தி இழைகளில் அதுவும் ஒன்று. ஆனால் விளைச்சல் கொஞ்சம், விலை அதிகம். நாள்தோறும் விரிக்கும் விரிப்புக்கு அது தேவையே இல்லை. நல்ல நூல், நெருக்கமான நெசவு, கெட்டிச் சாயம், இவை இருந்தால் போதும்.

நம் ஊர் விரிப்பு

நல்ல விரிப்புக்கு எங்கேயோ போக வேண்டியதில்லை. தமிழ்நாடே விரிப்பு நெய்யும் நாடுதான்.

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலை என்று ஓர் ஊர். மலைமேல் முருகன் கோவில். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று பக்தர்கள் போற்றுகிறார்கள். மலையடிவாரத்தில் கைத்தறி ஓசை! சென்னிமலை பெட்ஷீட் என்றால் தெரியாதவர் குறைவு. இங்கே நெசவாளர் கூட்டுறவை வளர்த்த எம்.பி.நாச்சிமுத்துவுக்கு 1983-ல் மத்திய அரசு "பத்மஸ்ரீ" விருது வழங்கியது.

சென்னிமலை விரிப்பு பெரும்பாலும் தடித்த நூலில் நெய்தது. முதலில் கொஞ்சம் முரடாக இருக்கும். துவைக்கத் துவைக்க மெதுவாகும். பாட்டி வாங்கிய பெட்ஷீட்டைப் பேரன் போர்த்திக்கொள்ளும் வீடுகள் இன்றும் உண்டு.

கரூர் விரிப்பு இன்னொரு ரகம். கட்டில் விரிப்பு, திரைச்சீலை, மேஜை விரிப்பு ஆகியவை கரூரிலிருந்து கப்பல் ஏறி வெளிநாடு போகின்றன. அளவு சரியாக இருக்கும். தையலும் ஓரமும் நேர்த்தியாக இருக்கும்.

தரையில் படுப்பவர்களுக்கு பவானி ஜமக்காளம். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பவானி என்ற பெயரை வேறு ஊர்ச் சரக்குக்குச் சூட்டக் கூடாது என்பது அதன் பொருள்.

கைத்தறி நெசவாளரைக் காக்க 1985-ல் ஒரு சட்டம் வந்தது. சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் ஒதுக்கியது. பெட்ஷீட்டில் சில ரகங்களும், ஜமக்காளமும் அந்தப் பட்டியலில் உண்டு. வாங்குவது உண்மையான கைத்தறிதானா என்று அறிய, "கைத்தறி முத்திரை" இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த முத்திரை அது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் கைத்தறி விரிப்புகள் கிடைக்கும். தீபாவளி சமயத்தில் தள்ளுபடியும் உண்டு.

மறைமலை நகர்க்காரர்களுக்கு செங்கல்பட்டும் பக்கம், தாம்பரமும் பக்கம். மின்சார ரெயில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்கே போய்விடலாம். எங்கே போனாலும், அளவு தெரிந்துகொண்டு போக வேண்டும்!

அளவு தெரியாமல் போகாதீர்

"டபுள் கட்டிலுக்கு ஒண்ணு கொடுங்க!"

இப்படிக் கேட்டு வாங்குவதுதான் பலர் செய்யும் தவறு. டபுள் கட்டிலில் நான்கடி அகலமும் உண்டு. ஐந்தடியும் உண்டு, ஆறடியும் உண்டு. வீட்டிலேயே நாடா வைத்து மெத்தையை அளக்க வேண்டும். நீளம், அகலம், கனம் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு மிகவும் எளிது. அகலத்தோடு இரண்டு பக்கக் கனத்தையும் கூட்டுங்கள். உள்ளே செருகுவதற்கு ஒரு பக்கத்துக்கு 5 அங்குலம் வீதம் 10 அங்குலம் கூட்டுங்கள். நீளத்துக்கும் இப்படியே.

ஐந்தடி மெத்தை, அதாவது 60 அங்குல அகலம், 75 அங்குல நீளம், 6 அங்குல கனம் என்று வைத்துக்கொள்வோம். அகலத்துக்கு 60, 12, 10 ஆக 82 அங்குலம். நீளத்துக்கு 75, 12, 10 ஆக 97 அங்குலம். கடையில் கிடைக்கும் 90-க்கு 100 அளவு பொருந்தும்.

அதே விரிப்பை ஆறடிக் கட்டிலுக்கு வாங்கினால்? 72, 12 ஆக 84. செருகுவதற்குப் பக்கத்துக்கு 3 அங்குலம்தான் மிச்சம். ஒருமுறை புரண்டு படுத்தால் விரிப்பு வெளியே வந்துவிடும். ஆறடிக்கு 108-க்கு 108 அளவுதான் சரி.

பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 100 அங்குல விரிப்பு 3 சதவீதம் சுருங்கினாலும் 3 அங்குலம் போய்விடும். அமெரிக்காவைச் சேர்ந்த சான்போர்டு கிளூவெட் என்பவர், துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருங்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1930-ம் ஆண்டு வாக்கில் வந்த அந்த முறைக்கு அவர் பெயரையே ஒட்டி "சான்போரைஸ்" என்று பெயர். "முன்பே சுருக்கியது" என்று உறையில் போட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓர் அளவு பெரியதாக வாங்க வேண்டும்.

நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பும் கிடைக்கிறது. மெத்தையில் மாட்டிவிட்டால் நகராது. தினமும் உதறி விரிக்கும் வேலை மிச்சம். ஆனால் மெத்தையின் கனத்துக்கு ஏற்றதாக வாங்க வேண்டும். கொதிக்கும் வெந்நீரும் கடும் வெயிலும் எலாஸ்டிக்குக்குப் பகை.

எந்த நிறம்?

வெள்ளை அழகுதான். ஆனால் போர் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால், வெள்ளை விரிப்பு பழுப்பாகிவிடும். வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடர் போட்டால் பழுப்பு இன்னும் கூடும்!

கருநீலம், கருஞ்சிவப்பு போன்ற அடர்த்தியான நிறங்களில் அழுக்கு தெரியாது என்பார்கள். ஆனால் வியர்வை உப்பு வெள்ளை வெள்ளையாகத் தெரியும். சாயமும் சீக்கிரம் மங்கும்.

நடுத்தர நிறத்தில் கட்டமோ கோடோ போட்ட விரிப்புதான் வீட்டுக்கு ஏற்றது. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்ததாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். திருப்பியும் விரிக்கலாம். மேலே மட்டும் அச்சிட்ட பூ, நாளாக நாளாக வெளிறிவிடும்.

கடையில் ஐந்து சோதனை

வாங்குமுன் இந்த ஐந்தையும் செய்து பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்!

1. துணியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சல்லடைபோல் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தால் நெசவு நெருக்கம் இல்லை.

2. ஒரு மூலையைக் கைக்குள் கசக்கி, ஐந்து வரை எண்ணிவிட்டு விடுங்கள். கசங்கல் அப்படியே நின்றால் இஸ்திரி வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம்.

3. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்த விரிப்பு வேண்டாம்.

4. இரண்டு விரலுக்கு இடையே வைத்துத் தேயுங்கள். மாவுபோல உதிர்ந்தால் கஞ்சிதான் துணிக்குக் கனம் தந்திருக்கிறது. ஒரே சலவையில் தொளதொளத்துவிடும்.

5. ஓரத் தையலைப் பாருங்கள். தையல் நெருக்கமாக இருக்க வேண்டும். மூலையில் நூல் தொங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தபின் இன்னொரு சோதனை உண்டு. ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, தனியே எடுத்துப்போய், இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். குழந்தைகள் இதைச் செய்யக் கூடாது.

உப்புத் தண்ணீருக்கு என்ன வழி?

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், "புது விரிப்பு இரண்டு மாதத்தில் அட்டைபோல ஆகிவிட்டது!" என்ற புலம்பல் கேட்கும்.

குற்றம் விரிப்பின் மேல் இல்லை. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து உண்டு. சோப்புப் போட்டால் நுரை வராது. சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து பிசுக்காகித் துணியில் படியும். அதனால்தான் விரைப்பும் பழுப்பும் வருகின்றன.

இத்தகைய தண்ணீருக்குக் கட்டிச் சோப்பைவிடச் சலவைத் தூள் நல்லது. அதையும் அளவாகப் போட வேண்டும். அதிகம் போட்டால் அலசுவது கஷ்டம். இரண்டு முறை அலச வேண்டும். மாதம் ஒருமுறை, கடைசி அலசலில் அரை டம்ளர் வினிகர் சேர்த்தால் படிந்த சுண்ணாம்பு இளகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால், கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

ஜாக்கிரதை! வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும்.

வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் திரவங்களும் அளவோடு இருக்கட்டும். அவை துணிமேல் மெழுகுபோலப் படியும். வியர்வையை உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும்.

வாரம் ஒருமுறை விரிப்பை மாற்ற வேண்டும். படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் வளரும். தும்மலும் இழுப்பும் உள்ளவர்களுக்கு அவை எதிரி. 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அவை சாகும். பருத்தி அந்தச் சூட்டைத் தாங்கும்.

மழைக் காலம் வந்தால்?

இந்த வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். மொட்டை மாடிக் கொடி காலியாக இருக்கும். அப்பொழுதுதான் விரிப்பின் கனம் என்ன என்பது தெரியும்.

90-க்கு 100 அங்குல விரிப்பு மெல்லியதாக இருந்தால் எடை முக்கால் கிலோவுக்குள் இருக்கும். தடித்த ரகம் ஒரு கிலோவைத் தாண்டும். அது நனைந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் போகும்! அதைப் பிழிய இரண்டு ஆள் வேண்டும். காயவோ இரண்டு நாள் வேண்டும். ஆகவே தடித்த விரிப்பு வெயில் காலச் சலவைக்கு, மெல்லிய விரிப்பு மழைக் காலத்துக்கு என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இஸ்திரி வேலையைக் குறைக்கவும் வழி உண்டு. பிழிந்தவுடன் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, படபடவென்று உதற வேண்டும். ஓரம் நேராக வரும்படி கொடியில் போட வேண்டும். காய்ந்ததும் உடனே மடிக்க வேண்டும். மடித்த விரிப்பை மெத்தைக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் போதும். இஸ்திரி போட்டதுபோல ஆகிவிடும்!

எத்தனை வேண்டும்?

ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்பு. ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். மூன்றையும் மாற்றி மாற்றி விரித்தால் எதுவும் சீக்கிரம் நையாது. மழை நாளிலும் திண்டாட்டம் இல்லை. தலையணை உறை மட்டும் இருமடங்கு வேண்டும். எண்ணெய்த் தலைக்கு வாரம் இருமுறை மாற்றுவது நல்லது.

"மூன்றா? அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?"

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 ரூபாய் விரிப்பு ஒன்று, ஒரே வருடத்தில் கிழிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்துக்கு ஐந்து விரிப்பு. செலவு 2,500 ரூபாய். 1,500 ரூபாய் விரிப்பு ஐந்து வருடம் உழைத்தால் 1,000 ரூபாய் லாபம். ஒரே சமயத்தில் மூன்றும் வாங்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு ஒன்று, ஆடித் தள்ளுபடியில் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. ஒரு வருடத்தில் மூன்று சேர்ந்துவிடும்.

பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு.

இரவு வேலை முடித்து வந்தவர் பகல் பன்னிரண்டு மணிக்கும் முதுகு ஒட்டாமல் தூங்குகிறார். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமையும் இஸ்திரிப் பெட்டியோடு மல்லாடாமல் சற்று உட்காருகிறார். சில வீடுகளில் மனைவியும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர். அவருக்கும் அந்தத் தூக்கம் வேண்டும். உதறுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்றோமே? அதில் ஒருவர் கணவராக இருந்தால் வேலை பாதியாகும்.

பளபளப்பு கடையில்தான். பத்துச் சலவைக்குப் பிறகும் மெதுவாக, குளிர்ச்சியாக, வேலை வைக்காமல் கட்டிலில் கிடக்கிற விரிப்பு எதுவோ, அதுவே உண்மையான ஆடம்பரம்!